பங்குப் பொட்டியும் பதினேழாம் மாடிக் கலெக்டரும்

ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஆள் யாரும் இல்லை. ஆடு ஒன்றுதான் நின்றது. கறுப்பு ஆடு, நெற்றியில் வெள்ளைச் சுழி, காதில் ஆட்டுச் சங்கத்தின் மஞ்சள் வில்லை. வெளியே வந்தது, இரண்டு பக்கமும் பார்த்தது, மூன்றாவது வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த வடகத்தை முகர்ந்தது, பிடிக்காததுபோல் தலையை ஆட்டியது. திரும்பவும் லிஃப்டுக்குள் போய்த் தாடையால் ஒரு பட்டனை அழுத்தியது. கதவு மூடிக்கொண்டது.

"கலெக்டரு வந்துட்டுப் பூடுச்சி," என்று ரோஸ்மேரி வீட்டுக்குள்ளே பார்த்துச் சொன்னாள். "வடகத்துல உப்பு பத்தலையாம்."

கலெக்டர் என்று அந்த ஆட்டுக்குப் பேர் வந்தது இப்படித்தான். மாடி மாடியாகப் போய்ப் பார்வையிடும். யார் வீட்டிலும் அதிக நேரம் நிற்காது. எதிலாவது ஒரு குறை கண்டுபிடிக்காமல் கிளம்பாது. மழைக்காலத்தில் மொட்டை மாடித் தொட்டி ஒழுகுவதைக் கண்டுபிடித்ததே அதுதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது இருப்பது பதினேழாம் மாடியில், நாலாம் நம்பர் வீட்டில், தேசம்மாவிடம்.

கடல் உள்ளே ஏறி வந்ததும், கரையோரக் குப்பங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இந்த இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தில் அடுக்கி வைத்தார்கள் இல்லையா, அப்போது வந்தவள் தேசம்மா. அதற்கு முன் இருபத்தேழு வருஷம் மீன் ஏலம் விட்டவள். அவள் குரல் எடுத்தால் நடுக்கடலில் இருக்கிற படகு திரும்பிப் பார்க்கும் என்பார்கள். கட்டடத்துக்கு வந்த பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை. முதல் இரண்டு வருஷம் அவள் கீழேயே இறங்கவில்லை. கேட்டால், "கீழ போயி இன்னாத்த பாக்கறது? கடலா கீது?" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

அப்புறம்தான் மாடி ஆட்டுச் சங்கம் வீட்டுக்கு ஓர் ஆடு கொடுத்தது. ஆடு சங்கத்துடையது. வளர்ப்பது வீட்டுக்காரர்கள். பால் வீட்டுக்கு, குட்டிகளில் ஒன்று வீட்டுக்கு, ஒன்று சங்கத்துக்கு. தேசம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஒரு கறுப்புக் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாம் வாரமே அந்தக் குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டது. "தா, நில்லு! எங்க போற!" என்று கத்திக்கொண்டே தேசம்மா அடுத்த லிஃப்டில் துரத்தினாள். அன்றைக்கு ஒரே நாளில் இருபத்திரண்டு மாடியையும் பார்த்துவிட்டாள். பதின்மூன்றாம் மாடியில் பழைய வலைக்காரர் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் தினமும் ஆடு முன்னால், அவள் பின்னால். கட்டடத்தில் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யார் பெண்ணுக்கு எங்கே சம்பந்தம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த ஆட்டுக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

சங்கத்து அதிகாரி இளம்பரிதி ஒரு தகரப் பெட்டியோடு வந்து பதினேழாம் மாடி நடையில் உட்கார்ந்தான். முப்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், எல்லாரையும் 'அம்மா' என்பான். பெட்டிக்குள் அகத்திக்கீரை இருந்தது, வெளியே ஒரு தாழ்ப்பாள். ஆடு தானாகத் திறந்து தின்ன எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. தானாக லிஃப்டில் இறங்கிக் கீழே மேய்ந்துவிட்டுத் தானாக வீடு திரும்புகிற ஆடுகள்தான் இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு வேண்டும். அதனால் சங்கத்துக்கு ஆட்டின் புத்திமேல்தான் கண்.

கலெக்டர் தாழ்ப்பாளைத் தட்டியது, ஒரு நொடி நின்றது, மூக்கால் தள்ளியது. கீரை காலி.

"எட்டு விநாடி," என்றான் பரிதி. "கட்டடத்துலயே இதுதாம்மா முதல்."

"மொதல்னா இன்னா குடுப்பீங்கோ?"

"குடுக்க மாட்டாங்க. எடுத்துக்குவாங்க."

"எத்த?"

"ஆட்டை."

தேசம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

பரிதி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "அடுத்த மாசம் அஞ்சாம் தேதி பிரிப்பான் மிஷின் வருதும்மா. அன்னிக்கு இதே சோதனை திரும்ப நடக்கும். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, எது எதுக்கு அக்கா, எது எதுக்கு மாமன்னு உறவு பாத்துக்கும். காது வில்லை இருக்கே, அது எந்த ஆடு எங்க போச்சு, எது பக்கத்துல நின்னுச்சுன்னு சொல்லும். எல்லாத்தையும் இந்தத் தாழ்ப்பாள் சோதனையோட சேத்துப் பாத்து, புத்தி எவ்வளவு ரத்தத்தால வந்துச்சு, எவ்வளவு வளர்ப்பால வந்துச்சுன்னு பிரிச்சுச் சொல்லிடும். போன வருஷம் உங்க கட்டடத்துக்கு ரத்தம் அறுபத்தொண்ணு, வளர்ப்பு முப்பத்தொன்பது. பாதிக்கு மேல ரத்தம்னு வந்தா முதல் அஞ்சு ஆட்டையும் இனவிருத்தி மையத்துக்குக் கொண்டு போயிடுவாங்க. பாதிக்கு மேல வளர்ப்புன்னு வந்தா ஆடு வீட்டுலயே இருக்கும்."

போன வருஷம் கலெக்டர் பால்குட்டி, சோதனைக்கு நிற்கவில்லை. ஐந்து ஆடு போனது தேசம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. ஆறாம் மாடிக்காரி ஒரு வாரம் வெறும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, நாங்களும் பங்கு போட்டவங்கதான்," என்றாள். "கடல்லேர்ந்து மீன்பாடு வந்து எறங்குனா படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. மீனு கண்ணு முன்னாடி கொட்டிக் கெடக்கும், கூறு கட்டிப் பிரிப்போம். ஒன் பங்குப் பொட்டி சொல்ற அறுவத்தொண்ணு இதுல எங்க கீது? எந்தக் காலு ரத்தம், எந்தக் காலு வளர்ப்பு? காட்டு. வெட்டிக் குடுத்துர்றேன்."

கலெக்டர் மெதுவாக இரண்டடி பின்னால் நகர்ந்தது.

பரிதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க கேக்கறதுதாம்மா சரியான கேள்வி. எங்க தலைமை ஆபீசே அதுல தப்பு பண்ணுது. அந்த நம்பர் எந்த ஆட்டுக்குள்ளயும் இல்ல. எப்படிச் சொல்றது... மீன் குழம்பு வைப்பீங்க இல்ல?"

"வெக்காம?"

"இந்தக் கட்டடத்துல எல்லாரும் ஒரே கடை மசாலா, ஒரே புளி, ஒரே அடுப்பு, ஒரே நேரம். குழம்பு வைக்கறாங்க. ருசி வீட்டுக்கு வீடு வித்தியாசப்பட்டா எதனால?"

"மீனால. வேற எத்தால?"

"சரி. எல்லாருக்கும் ஒரே மீனை வெட்டிக் குடுத்துட்டு, மசாலா அவங்கவங்க இஷ்டம்னு விட்டா?"

"கையால."

"அப்ப குழம்பு ருசி மீனாலயா கையாலயா?"

தேசம்மா யோசித்தாள். "அது கொழம்புல இல்ல தம்பி. தெருவுல கீது. எல்லா வூட்டையும் சேத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அவ்வளவுதாம்மா!" பரிதி கையைத் தட்டினான். "இங்க எல்லாரும் சங்கத்துத் தீவனமே போடறீங்க. ஆறு மணிக்கு மணி அடிச்சா அவுத்து விடறீங்க, நாலு மணிக்கு அடிச்சா கட்டறீங்க. வளர்ப்புல வித்தியாசமே இல்ல. மிச்சமிருக்கற வித்தியாசத்தையெல்லாம் மிஷின் ரத்தம்னு எழுதிக்குது."

சொல்லி முடித்தபோதுதான் தேசம்மாவின் முகத்தைப் பார்த்தான். ஏலக் கூடையில் கெட்ட மீனுக்குமேல் நல்ல மீனை அடுக்குகிறபோது வருகிற முகம் அது.

"அப்ப மசாலாவ மாத்துனா நம்பரு மாறும்."

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"நீ சொல்லல. எனக்குக் காதுல வுழுந்துச்சி. டீ ஆறிப் போவுது, குடி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரைத்தளத்துச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். கட்டடச் சங்கத் தலைவர் நாகூரான் நடுவில் உட்கார்ந்திருந்தார். இருபதாம் மாடிக்காரர், பழைய காலத்தில் இரண்டு படகுக்குச் சொந்தக்காரர், இப்போது மூன்று ஆட்டுக்கு.

தேசம்மா விஷயத்தைச் சொன்னாள். "ஆளுக்கு ஒரு தினுசா வளருங்கோ. பாதி வூட்டுல ஆட்டுக்குப் பாடம் சொல்லிக் குடுங்கோ, தாப்பா தொறக்க, கதவு தள்ள. மீதிப் பாதி வூட்டுல செல்லம் குடுத்து மந்தமாக்குங்கோ. அப்பதான் பொட்டிக்கு வளர்ப்பு வளர்ப்புன்னு தெரியும். நம்ம ஆடு நம்மகிட்டயே நிக்கும்."

"மந்தம்னா எப்டிக்கா?" என்று ரோஸ்மேரி கேட்டாள்.

"கதவ அதுவா தொறக்கக் கூடாது. தொறந்து வுட ஆளு கீதுன்னு குந்திகினு இருக்கணும்."

"என் வூட்டுக்காரரு மாதிரி."

கூடம் கலகலத்தது. ரோஸ்மேரியின் வீட்டுக்காரரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

நாகூரான் கையைத் தூக்கினார். "என் ஆடு மூணும் பாடம் படிக்கிற கட்சி. இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னதுதான் தாமதம், எல்லாக் கையும் அந்தப் பக்கமே உயர்ந்தது. என் ஆடும் பாடம், என் ஆடும் பாடம். மந்தத்துக்கு ஒருத்தரும் இல்லை. யாருக்கு மனசு வரும்? தன் வீட்டு ஆடு மக்கு என்று பேர் எடுக்க எவள் ஒப்புக்கொள்வாள்?

தேசம்மா ஒரு நாற்காலிமேல் ஏறினாள். அவளே எதிர்பார்க்கவில்லை, அந்தக் குரல் தானாக வந்தது. "மந்தம்னு எவ சொன்னா? ராஜ வளர்ப்புமா, ராஜ வளர்ப்பு! வாயாண்ட கீர, காலாண்ட மெத்த! கதவு தொறக்க ஒரு ஆளு, காத்து வீச ஒரு ஆளு! கோட்டையில பொறக்க வேண்டிய ஆடு ஒம்பதாம் மாடில பொறந்துகீது, அதுக்கு ஒரு ராஜ வளர்ப்பு தர யாரு கீறா? ஒரு ராஜா... ஒரு ராஜா..."

"எனக்கு ஒண்ணு!" என்றாள் ரோஸ்மேரி.

"ஒம்பதாம் மாடிக்கு ஒரு ராணி! பெரிய மனசு! அடுத்தது யாரு? ஒரு ராஜா... ஒரு ராஜா..."

"எனக்கு ரெண்டு!" என்று பின்னாலிருந்து ஒருவர்.

கால் மணி நேரத்தில் நூற்றுப் பதினெட்டு ஆட்டில் எழுபதுக்கு ராஜ வளர்ப்பு விலைபோய்விட்டது. போதும் போதும் என்று தேசம்மாவே பத்துப் பேரைத் திருப்பிப் பாடத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நாற்காலியிலிருந்து இறங்கியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. முகம் மட்டும் பத்து வயது குறைந்திருந்தது.

அப்புறம் ஒரு மாதம் அந்தக் கட்டடத்தில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! நாலாம் மாடியில் ஆட்டுக்கு மின்விசிறி. பன்னிரண்டாம் மாடியில் ஓர் ஆடு சீரியல் பார்த்தது. விளம்பரம் வந்தால் கத்தியது. ரோஸ்மேரி தன் ஆட்டுக்குக் கீரையைக் கிள்ளிக் கிள்ளி ஊட்டினாள், தாலாட்டுப் பாடினாள், வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாள். அவள் புருஷன், "எனக்கு ஒரு நாளாச்சும் இப்டி ஊட்டி உட்டியா?" என்று பொருமினான். "நீ பொறவிலியே மந்தம். ஒனக்கு எதுக்கு தனியா?" என்றாள் அவள்.

எல்லாரும் ஒழுங்காகக் கெடுக்கிறார்களா என்று பார்க்கத் தேசம்மா தினமும் ஒவ்வொரு மாடியாகப் போனாள். கலெக்டரையும் இட்டுக்கொண்டு போனாள். இவள் வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது உள்ளே போய் அந்த வீட்டு ஆட்டின் பக்கத்தில் நிற்கும், அங்கே இருக்கிற அலமாரியை, கூடையை, கொசுவலைக் கதவைத் திறந்து பார்க்கும். தேசம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. பார்வையிடுவது அதன் வழக்கம்தானே.

இருபதாம் மாடியில் மட்டும் நாகூரான் உள்ளே விடவில்லை. கதவை ஒரு சாண் திறந்து பேசினார். உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது.

"கலெக்டரு வந்தா புள்ளைங்களுக்குக் கவனம் செதறுது தேசம்மா. பரிச்ச முடியற வரிக்கும் இங்க வோணாம்."

"ஆடுங்கள சொல்றியா, பசங்கள சொல்றியா?"

"எல்லாத்தையும்தான்," என்று கதவைச் சாத்திக்கொண்டார். பாடம் படிக்கிற மற்ற வீடுகளும் அவர் செய்ததைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டன.

ஐந்தாம் தேதி காலையில் பிரிப்பான் வந்தது. ஒரு பீரோ அளவு இருந்தது, குளிர்சாதனப் பெட்டி மாதிரி முனகியது. கூடத்தில் ஆடுகளும் ஆட்களுமாக நிற்க இடமில்லை. நாகூரான் பரிதியை ஓர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"சாரு, என் பையன ஒரு தபா இதுல உட்டு எடுக்க முடியுமா? பொண்ணு வூட்ல கேக்கறாங்கோ."

"மனுஷங்களுக்குக் கூடாதுன்னு சட்டம் இருக்குங்க."

"தெரியும். அதுக்குத்தான் மெதுவா கேக்கறேன்."

"சட்டம் இல்லாட்டியும் வேணாங்க," என்றான் பரிதி. சொன்ன விதத்தில் சிரிப்பு இல்லை. "எங்க பக்கத்துல ஒரு பொண்ணுக்குத் திருட்டுத்தனமா எடுத்துட்டாங்க. கோபம், ரத்தம் எழுபதுன்னு சீட்டு வந்துச்சு. அந்தப் பொண்ணு அப்புறம் வாய் திறந்து ஒரு நியாயம் கேட்டாக்கூட, ரத்தம் பேசுதுன்னு சொல்லிடறாங்க."

நாகூரான் மகன் நிற்கிற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பேச்சை விட்டார்.

சோதனை தொடங்கியது. முதலில் நாகூரானின் ஆடுகள். விசில் அடித்தார். மூன்றும் வரிசையாக நின்றன, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன, பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றன. ஐந்து நிமிஷம் ஆயிற்று. கடைசி ஆடு பரிதியின் குறிப்பேட்டை நக்கியது. கூடத்தில் எவனோ இருமுவதுபோல் சிரித்தான்.

அடுத்து ரோஸ்மேரியின் ராணி. உலகத்திலேயே சோம்பேறியான ஆடு என்று பேர் வாங்க வேண்டியது. நிதானமாகப் போயிற்று, தாடையால் தட்டிற்று, ஒரு நொடி நின்றது, மூக்கால் தள்ளியது. பதினொரு விநாடி.

"அய்யய்யோ!" என்று ரோஸ்மேரி தலையில் கை வைத்தாள். "யக்கா, சத்தியமா நா நல்லாத்தான் கெடுத்தேன்!"

மின்விசிறி ஆடு ஒன்பது விநாடி. சீரியல் ஆடு பன்னிரண்டு. ராஜாக்களும் ராணிகளும் ஒருவர் பின் ஒருவராக வந்து பெட்டியைத் திறந்து தின்றுவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பாடம் படித்தவை எல்லாம் பேந்தப் பேந்த விழித்தன. கலெக்டர் கடைசியில் வந்தது. ஆறு விநாடி.

தேசம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். சொல்லிக்கொடுத்தது தெரியவில்லை, கெடுத்தது கெடவில்லை. அப்படியென்றால் எல்லாம் ரத்தம்தானா? கலெக்டரின் கழுத்துக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

பிரிப்பான் முக்கால் மணி நேரம் முனகியது. பிறகு ஒரு சீட்டைத் துப்பியது. பரிதி படித்தான், இன்னொரு முறை படித்தான்.

"ரத்தம் இருபத்திரண்டு. வளர்ப்பு எழுபத்தெட்டு."

கூடம் இடிந்து விழாத குறை. ரோஸ்மேரி ராணியைத் தூக்கிக்கொண்டு சுற்றினாள். தேசம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, கயிற்றைக் கையிலிருந்து அவிழ்த்தாள். உள்ளங்கையில் கோடு விழுந்திருந்தது.

பரிதி மட்டும் சிரிக்கவில்லை. "வளர்ப்புதான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். "யார் வளர்ப்பு?"

ஆறு நாள் கழித்து ஒரு மத்தியானம் பதினேழாம் மாடிக்கு வந்தான். கையில் நீள உறை. தேசம்மாவும் ரோஸ்மேரியும் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மீட்டர் படித்துக்கொண்டிருந்த நாகூரானும் வந்து எட்டிப் பார்த்தார். கலெக்டர் கதவோரம் நின்றது.

உறைமேல் எழுதியிருந்ததை ரோஸ்மேரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "திருமதி கலெக்டர் அவர்களுக்கு... யாருக்குக்கா இது?"

பரிதி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "அம்மா, நீங்க செல்லம் குடுத்ததும் அவர் விசில் அடிச்சதும் பெருசா ஒண்ணும் செய்யல. மிஷின் அதைத் தனியாவே காட்டுது. ஒண்ணுக்கொண்ணு உறவே இல்லாத ஆடுங்க, வேற வேற மாடி, வேற வேற தீனி. ஆனா திறக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி. இடது தாடையால ஒரு தட்டு, ஒரு நொடி நின்னு, மூக்கால ஒரு தள்ளு. இது யார் கைவரிசை?"

மூன்று பேரும் திரும்பி ஆட்டைப் பார்த்தார்கள். ஆடு வேறெங்கோ பார்த்தது.

"காது வில்லைப் பதிவைப் பாத்தேன். கலெக்டர் பக்கத்துல நின்னு பழகின ஆடெல்லாம் பாஸ். பழகாததெல்லாம் ஃபெயில். எழுபத்தெட்டுல பெரும்பங்கு இவளோடது. ஆடு ஆட்டைப் பாத்துக் கத்துக்கிட்டா அதுவும் வளர்ப்புக் கணக்குதாம்மா, ரத்தமில்ல. ஒரு மாசம் மாடி மாடியா இவளைக் கூட்டிட்டுப் போனது நீங்கதான்."

தேசம்மா கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்தாள். "சரி. அதுக்கு லெட்டரு இன்னாத்துக்கு?"

"மிஷின் வளர்ப்பாளர்ங்கற இடத்துல பதினேழு கீழ நாலுன்னு வில்லை நம்பரைப் போட்டுடுச்சு. கூடவே பேரு. தலைமை ஆபீஸ்ல யாரோ ஒரு அம்மான்னு நினைச்சுட்டாங்க. மாநிலத்துலயே சிறந்த வளர்ப்பாளராம். உடனே மையத்துக்கு மாத்தச் சொல்லி உத்தரவு."

"ஆடு தாப்பா தொறந்தா ரத்தம்னு இட்டுகினு போறீங்கோ. சொல்லிக் குடுத்தா வளர்ப்புன்னு இட்டுகினு போறீங்கோ." தேசம்மாவின் குரல் ஏறவில்லை. அதுதான் ரோஸ்மேரிக்குப் பயமாக இருந்தது. "எப்டி போட்டாலும் பங்கு ஒங்களுக்குத்தானா?"

"நான் போய் இது ஆடுன்னு சொன்னா, சங்கத்துச் சொத்து, வளர்ப்புக் கணக்கெல்லாம் பாக்க மாட்டாங்க, சாயங்காலமே வண்டி வந்துடும். ஆனா வளர்ப்பாளரை அப்படித் தூக்க முடியாது. அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு." பரிதி ஒரு தாளை எடுத்து மடிப்பை நீவினான். "போன வருஷம் ஒரு கட்டடத்துல ஒரு பொண்ணை மாத்தினாங்க, வீட்டுல மாமனார் தனியா மாட்டிக்கிட்டார், பெரிய சத்தமாயிடுச்சு. அதுலேர்ந்து ஒரு விதி. வளர்ப்பாளர் பொறுப்புல ஐம்பது வயசு தாண்டினவங்க இருந்தா மாத்தக் கூடாது. அவங்க பேரு, வயசு, கையெழுத்து வேணும்."

"பொய்யி எழுதப் போறியா தம்பி? வேல பூடும் ஒனக்கு."

"பொய் இல்லம்மா. வளர்ப்பாளர் யாருன்னு கேட்டிருக்கு, மிஷின் சொன்னதை எழுதறேன். மனுஷங்களாத்தான் இருக்கணும்னு இதுல எங்கயும் போடல. மூணு தடவை படிச்சுட்டேன்." அவன் தலை நிமிராமலே கேட்டான். "உங்க வயசு என்னம்மா?"

"அம்பத்தி மூணு. எதுக்கு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

தாளைப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள். முகம் சிவந்துபோயிற்று.

"நா யாரு பொறுப்புலயும் இருந்தவ இல்ல. பதிமூணு வயசுல கூடை தூக்குனவ. ரெண்டு தம்பிங்கள கரையேத்துனவ. இந்த ஆடு என்ன வளக்குதுன்னு நா கையெழுத்து போடணுமா?"

"போடேன்க்கா," என்றாள் ரோஸ்மேரி. "கோவம் வந்தா நீ ரெண்டு நாளு துன்னாம கெடக்கறவ. இப்ப அது வந்து முட்டுது. அதுக்குத் தீனி வெக்க எய்ந்துக்கற, அப்டியே நீயும் ரெண்டு வாயி துன்ற. காய்ச்சல்ல படுத்தியே, எங்க வூட்டுக் கதவாண்ட வந்து கத்துனது யாரு? நா பாத்துகினுதானே கீறேன்."

தேசம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். மீன் வாடைக் கையை முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், பேனாவுக்காகக் கையை நீட்டினாள்.

நாகூரான் இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த சிரிப்பை விட்டுவிட்டார். "இருவத்தேழு வருசம் கடக்கரையவே ஆட்டி வெச்ச தேசம்மா! கடேசில ஆட்டோட வளர்ப்பு!"

அவள் அவசரப்படவில்லை. பெரிய பெரிய எழுத்தாகத் தன் பேரை எழுதினாள், வயதை எழுதினாள். தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"ஆமாய்யா. ஆட்டோட வளர்ப்புதான். வளர்ப்பு சரியில்லன்னு எவனாச்சும் ஒரு வார்த்த சொல்லட்டும், அப்பால பேசிக்கறேன்."

நாகூரான் மீட்டர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கினார். பிறகு பேனாவை வாங்கி, சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்திட்டார்.